தகரக் கூரையை ஏன் மாற்றினேன்

அம்மாவுக்குக் குளிர் ஆகாது. மழை தூறினாலே காதைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, உள்ளங்கைகளைத் தேய்த்தபடி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு வேலை கிடைத்ததும் முதல் காரியமாக அவளுக்கு ஒரு வீடு பார்த்தேன். பள்ளத்தாக்கில், எங்கள் ஆய்வு நிலையத்தின் வேலிக்கு வெளியே, வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் கடைசி வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, பின்பக்கம் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். இரும்புக் கட்டிலைத் தள்ளிவிட்டு மரக்கட்டில் வாங்கிக் கொடுத்தேன். இரும்பு பீரோ போய் மர அலமாரி வந்தது. தகரக் கூரையைப் பிரித்துவிட்டு சிமெண்ட் அட்டை போட்டேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"தகரம்னா மழை பேஞ்சா காது கிழியும், வெயிலடிச்சா மண்டை காயும். வாயைத் திறந்து நான் ஒரு வார்த்தை கேக்கல. எம் பொண்ணு தானா ஆளைக் கூட்டிட்டு வந்து மாத்திட்டா."

"உங்களுக்கென்ன, இன்ஜினியரைப் பெத்தவங்க" என்பாள் எதிர்வீட்டு அக்கா. அம்மா அந்த வார்த்தையைக் கம்மல் மாதிரி மாட்டிக்கொண்டு நடந்தாள்.

நேரே விஷயத்துக்கு வா என்கிறீர்கள், மேடம். இதுதான் விஷயம். கூரையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் திட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன். பூமியில் சூரியத் தகடு வைத்தால் பாதி நாள் இருட்டு, மீதியில் மேகம். அதே தகட்டை வானத்தில் வெகு உயரத்தில் நிறுத்தினால் அநேகமாக இரவே கிடையாது. அங்கே கிடைக்கும் மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றிக் கீழே அனுப்பலாம். தரையில் வயல் வயலாக விரித்த கம்பி வலை அதைப் பிடித்து மறுபடி மின்சாரமாக்கும். இது நடக்குமா, கட்டுபடியாகுமா, ஆபத்து உண்டா என்று பார்த்துச் சொல்வதற்காகத்தான் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். வானத்துக்குப் போகிற நிலைமை இன்னும் வரவில்லை. அதனால் மலையுச்சியில் ஒரு கோபுரத்திலிருந்து கற்றையை அனுப்பி, பள்ளத்தாக்கில் வலை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கற்றையைக் குறி வைப்பது என் வேலை. கோபுரம் அசையாது. அதன் முகத்தில் ஆயிரக்கணக்கான சிறு ஆண்டெனாக்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று துளித்துளி முந்திப் பிந்தி இயங்கச் சொன்னால் கற்றை தானாகச் சாய்ந்துகொள்ளும். கணினியில் ஓர் எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஓர் ஆணிகூடத் திரும்பாது. யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது.

என் அப்பா அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளியவர். எத்தனை முறை தேய்த்துக் குளித்தாலும் காதுமடலுக்குப் பின்னால் சாம்பல் இருக்கும். எச்சிலும் அதே நிறம். எங்கள் குடியிருப்பில் வெள்ளைத் துணி வாங்குகிறவர்களைக் கிண்டல் செய்வார்கள். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அவருடைய நுரையீரல் நின்றது. அந்த ஆளின் நுரையீரல் பற்றி நீண்டகாலத் தரவு இருக்கிறதா என்று எந்தக் குழுவும் கூடித் தேநீர் குடித்துக்கொண்டே விசாரிக்கவில்லை. நிலக்கரியிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. அது ஒன்றே அதற்குப் போதுமான தகுதி.

எங்களை மட்டும் கேட்டார்கள். மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் நல்ல மனிதர்தான். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருந்தோம்.

"ராக்கெட் செலவு குறைஞ்சுட்டே வருது, ஒத்துக்கறேன்" என்றார் தலைவர். "வழியில வீணாகறதையும் குறைச்சிருக்கீங்க, சபாஷ். ஆனா ஒண்ணு சொல்லும்மா. அந்த வலைக்குப் பக்கத்துல எவன் குடியிருப்பான்?"

"எங்கள மாதிரி ஆளுங்கதான் சார். இப்ப மட்டும் சாம்பல் மேட்டுப் பக்கத்துல நீங்களா குடியிருக்கீங்க?"

சிரித்தார்கள். ஆமாஞ்சாமி, தலைவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொண்ணு நல்லா சூடா பேசுது. ஆனா சூடெல்லாம் தரவாகாதும்மா. அந்த அலை பக்கத்துல வருஷக்கணக்கா வாழ்ந்த மனுஷங்களோட விவரம் வேணும். இருக்கா?"

"இல்ல சார். எடுக்க அனுமதி குடுங்க."

"எப்படிம்மா குடுக்க முடியும்? மனுஷங்க மேல சோதனை பண்றதா?"

"அதானே" என்றார் ஆமாஞ்சாமி.

தரவு இல்லாததால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாததால் தரவு இல்லை. இன்னும் இரண்டு வருடம் பார்ப்போம், அதற்குள் ஒன்றும் வரவில்லையென்றால் மூடிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கைகுலுக்கினார்கள். வெளியே வந்து பார்த்தேன். பள்ளத்தாக்குக்கு அப்பால், தூரத்தில், அப்பா வேலை செய்தது போன்ற ஒரு புகைபோக்கி நிதானமாகப் புகைத்துக்கொண்டிருந்தது. அதை மூட யாரும் கெடு வைக்கவில்லை.

வீடு பார்த்தது அம்மாவுக்காக. கூரையை மாற்றியது அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வாரம்.

நுண்ணலை தகரத்தில் பட்டால் வந்த வழியே திரும்பிவிடும். சிமெண்ட் அட்டை அதைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். இரும்புக் கட்டிலும் பீரோவும் அறைக்குள் இருந்தால் கற்றை சிதறி, எந்த இடத்தில் எவ்வளவு விழுகிறது என்று சொல்ல முடியாமல் போகும். மரத்தால் அந்தத் தொல்லை இல்லை. அலை வெளியே கசிகிறதா என்று பார்க்க வேலியின் கடைசித் தூணில் இருந்த உணர்கருவியைப் பழுது என்று சொல்லிக் கழற்றி வைத்தேன். பிறகு கணினியில் அந்த எண்ணை மாற்றினேன். மதியம் சாப்பிட்டதும் அம்மா படுப்பாள். எங்கள் சோதனையும் மதியத்தில்தான் நடக்கும்.

ஆரம்பத்தில் வேலிக்கு வெளியே இயல்பாக விழக்கூடிய அளவுதான் வைத்தேன். அது யாரையும் ஒன்றும் செய்யாது. இன்றைக்கும் அதைச் சொல்வேன். ஆனால் பாலம் கட்டுகிறவர் ஒரு சைக்கிளை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போதும் என்று வீட்டுக்குப் போவதில்லை. ஒரு நாளும் வரக்கூடாத பாரத்தை ஏற்றிப் பார்த்தால்தான் பாலத்தை நம்ப முடியும். அதனால் ஏற்றினேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

"கட்டில்ல படுத்தா எப்படிம்மா இருக்கு?"

"கதகதன்னு இருக்குடி. அடுப்புப் பக்கத்துல சாஞ்ச மாதிரி. எனக்கோசரமே கட்டின வீடுடி இது."

"நல்லா இருக்குதானே?"

"நல்லா இல்லாம என்ன. நீ பாத்துப் பாத்து செஞ்சதாச்சே."

சம்மதம் வாங்கினாயா என்று முதல் நாளே கேட்டீர்கள். ஒரு மனுஷி இதைவிடத் தெளிவாக எப்படிச் சம்மதிக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பூனை கட்டிலின் கால்மாட்டில் வந்து படுக்க ஆரம்பித்தது. சூடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பூனைக்குத் தெரிந்த அளவு எந்தக் கருவிக்கும் தெரியாது. அது சுருண்டு கிடந்த இடத்தை வைத்தே கற்றையின் ஓரத்தைச் சரிசெய்திருக்கிறேன். சில மாதம் கழித்து அது மதிலுக்குத் தாவி, மதில் இல்லாத இடத்தில் விழுந்தது. "குடிகாரன் மாதிரி போகுது பாரு" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணின் வில்லைக்கு, அந்த லென்ஸுக்கு, இரத்த ஓட்டம் கிடையாது, மேடம். மற்ற உறுப்புகள் சூட்டை இரத்தத்தோடு அனுப்பிவிடும்; வில்லை அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இதை நான் படித்திருக்கிறேன். பூனையை வைத்து மனிதர்களைப் பற்றி முடிவு செய்யக்கூடாது என்றும் படித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாது. எதிர்வீட்டு அக்காவுக்கு முட்டி வலி. "இங்க வந்து என் பக்கத்துல ஒக்காரு, வலி போன இடம் தெரியாது" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். வலி உண்மையிலேயே குறைந்தது. அக்கா தினமும் மதியம் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. ஒரே ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மாதிரி எண்ணிக்கை இரண்டானது.

நீயே ஏன் அந்தக் கட்டிலில் படுக்கவில்லை என்கிறீர்கள். நான் விடுதியில், கான்கிரீட் கூரைக்குக் கீழே இருந்தேன். அளக்கிறவர் அளவுக்குள் போய் நிற்கக்கூடாது. இது அடிப்படைப் பாடம்.

இரண்டாம் வருடம் அம்மா ஊசியில் நூல் கோக்க அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தாள். அக்கா, "எனக்கும் தெரியல, பொடி ஊசியா வாங்கி வெச்சிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒருநாள் அம்மா, "பல்பு மங்கிப்போச்சு, மாத்திட்டுப் போடி" என்றாள். மாற்றினேன். அடுத்த மாதமும் மாற்றச் சொன்னாள். அப்போதும் மாற்றினேன். எரிந்துகொண்டிருந்த பழைய பல்பை என் பையில் போட்டு எடுத்து வந்தேன்.

கண் மருத்துவரிடம் கூட்டிப்போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூட்டிப்போனேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இவங்க வயசுக்கு இந்தப் புரை சீக்கிரம். ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி, வில்லையோட பின்பக்கத்துல. உலை, கண்ணாடி காய்ச்சற இடம், அந்த மாதிரி எங்கயாவது வேலை பாத்தாங்களா?"

"நான் எங்க டாக்டர் வேலைக்குப் போறேன்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. "எம் பொண்ணு என்னை ஒக்கார வெச்சுல்ல சோறு போடறா."

"அப்ப சரி. இப்பவே ஆபரேஷன் பண்ணிட்டா நல்லது. தள்ளிப் போடாதீங்க."

தள்ளிப் போட்டேன். குழு கொடுத்த கெடுவுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. வில்லையை நடுவில் மாற்றிவிட்டால் தரவின் தொடர்ச்சி கெட்டுவிடும்.

குழுவுக்கு நான் கொடுத்தது ஒரு வாக்கியம். வேலியோரம் தொடர்ந்து வசித்த இரண்டு பேரிடம் இந்த அலையினால் ஏற்பட்டதாகக் கருதத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கண் புரை எல்லோருக்கும் வருகிறது. சர்க்கரையால் வருகிறது, வெயிலால் வருகிறது, வயதால் வருகிறது. எது எதனால் என்று அதன்மேல் எழுதி ஒட்டியிருக்காது.

"யாரும்மா இவங்க?" என்று தலைவர் கேட்டார்.

"அங்கயே குடியிருக்கறவங்க சார். நாமளா கொண்டுபோய் வைக்கல. போய் விசாரிச்சோம், அவ்வளவுதான்."

"ஓ, அப்படியா" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இன்னொரு கேள்வி கேட்டால் இன்னொரு பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. ஆமாஞ்சாமியும் கேட்கவில்லை. அடுத்த கட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். வானத்துக்கு ஒரு சிறிய தகடு போவதாக முடிவானது. அன்றைக்கு நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்ட கதை உங்களுக்கே தெரியும். புதிய வேலிக்கு அளவெடுக்க வந்த அளவைக்காரர் தாகமாக இருந்ததால் கடைசி வீட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறார். வெளியில் நின்று குடிக்கிற ஆளை அம்மா விடுவாளா. "உள்ள வந்து ஒக்காருப்பா, கட்டில்ல ஒக்காரு" என்றிருக்கிறாள். அவர் கையிலிருந்த நுண்ணலை மீட்டர் அலறத் தொடங்கியது. "என்னப்பா இது, பசிச்ச குழந்தை மாதிரி கத்துது?" என்று கேட்டாளாம். அவர் வெளியே போனார், சத்தம் நின்றது. உள்ளே வந்தார், அலறியது. தண்ணீரைக் குடிக்காமல் ஓடிவிட்டார்.

இங்கே காவலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று வேளையும் சாப்பாடு வருகிறது, நடக்கத்தான் இடமில்லை. கொண்டுவந்த சட்டைகள் தோளில் இறுக்கிப் பிடிக்கின்றன. நேற்று ஒன்றில் பொத்தான் தெறித்தது. நீங்கள் மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள். ஆனால் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். ஏன் உன் அம்மா?

வேறு யாருடைய அம்மாவை வைத்திருக்க வேண்டும், மேடம்? உங்கள் அம்மாவையா? தலைவருடைய அம்மாவையா? நீங்கள் மின்விசிறியைப் போடும்போதெல்லாம் எங்கோ ஒருவர் சாம்பல் அள்ளுகிறார். அவர் பெயரை நீங்கள் கேட்டதில்லை. நான் செய்ததும் அதுதான். ஒரே வித்தியாசம், நான் பெயர் தெரிந்த ஆளை வைத்துச் செய்தேன். தெரிந்தே செய்தேன். கற்றையைத் திருப்பியது நான், அளவை ஏற்றியது நான், நிறுத்தாமல் இருந்ததும் நான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெட்கப்படச் சொன்னால் வெட்கப்பட எனக்கு வரவில்லை.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது என்று இந்த வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நேற்று அவள் வந்தபோது நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் அக்கா இடறினாள், அம்மாவும் இடறினாள். புது இடம், யாருக்கும் நடப்பதுதான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவுப் பக்கம் போய், நீங்கள் ஆணியில் மாட்டியிருந்த மழைச்சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"என்னடி, இப்படி இளைச்சுப் போயிட்டே?"

கண் தெரியாதவள் எப்படி அதைச் சொல்வாள், மேடம்? அவளுக்குப் பார்வை இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.