இன்சூரன்ஸுக்காக ஒரு விவாகரத்து

சுனோக்: உங்களோட இத்தனை வருஷம் மாரடிச்சதுல என் முட்டி தேஞ்சதுதான் மிச்சம்.

தொக்சு: உன் முட்டி என்னாலயா தேஞ்சுது? நான் என்ன உன் முட்டி மேல உட்கார்ந்தா சூப் குடிச்சேன்?

சுனோக்: குடிக்கிற சத்தத்துலயே தேஞ்சுடும். இனி இந்த வீட்டுல ஒரு நாளும் இருக்க மாட்டேன்.

தொக்சு: போயேன். யாரு பிடிச்சு வச்சிருக்கா? கதவு திறந்துதான் கிடக்கு.

கும்ரே: திறந்துதான் கிடக்கு. அதான் உள்ள வந்துட்டேன்... ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துது. லிஃப்ட்டுக்குள்ள வரைக்கும் கேட்டுது.

தொக்சு: முந்நூத்திரெண்டாம் நம்பர் வீட்டம்மா, உங்க வீட்டுல அடுப்பு, டிவி ஒண்ணும் இல்லையா?

கும்ரே: டிவி இருக்கு. இவ்வளவு நல்லா இல்ல. நான் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த நாள்லேர்ந்து ஹேரின் அப்பா, நீங்க டிவிக்காரனைத் திட்டித்தான் கேட்டிருக்கேன். பொண்டாட்டியைத் திட்டிக் கேட்டதில்ல. என்னடி ஆச்சு சுனோக்?

சுனோக்: ஒண்ணும் ஆகலக்கா. உட்காருங்க. ஒத்திகை பாத்துக்கிட்டிருக்கோம்.

கும்ரே: எதுக்கு ஒத்திகை? சர்ச்சு நாடகமா?

சுனோக்: விவாகரத்துக்கு.

கும்ரே: விவாகரத்தா?

சுனோக்: நெஜமா இல்லக்கா. காகிதத்துல மட்டும்.

தொக்சு: காகிதத்துல மட்டும். அதை நல்லா அழுத்திச் சொல்லு. இவங்க காதுல விழுந்தா நாளைக்குக் காலையில கிம்ச்சி ஊறுகாய்க் கடை வரைக்கும் போயிடும்.

கும்ரே: கிம்ச்சி கடைக்கு நான் சாயங்காலம்தான் போவேன். சொல்லுடி.

சுனோக்: நாங்க ரெண்டு பேரும் எங்க மக ஹேரினோட ஆபீஸ் இன்சூரன்ஸ்ல ஒட்டிக்கிட்டு இருந்தோம் இல்லையா. பிள்ளை வேலை பாத்தா அப்பா அம்மாவுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். இப்ப சீர்திருத்தம்னு வந்து, ஓய்வூதியம் இவ்வளவுக்கு மேல வாங்கறவங்க பிள்ளை இன்சூரன்ஸ்ல தொங்கக் கூடாதுன்னுட்டாங்க. இவரை இறக்கி விட்டுட்டாங்க.

கும்ரே: இவருக்குத்தானே ஓய்வூதியம்? உனக்கு என்ன வந்துது?

சுனோக்: புருஷன் இறங்கினா பொண்டாட்டியும் இறங்கணுமாம்.

கும்ரே: ஓகோ... பொண்டாட்டியா இல்லாம போயிட்டா?

சுனோக்: மகளோட இன்சூரன்ஸ்ல மறுபடி ஏறிக்கலாம். மாசாமாசம் இவர் ஒருத்தருக்கு மட்டும் பிரீமியம் கட்டினாப் போதும். கோர்ட்டுல எழுதிக் குடுத்தாச்சு. யோசிச்சுட்டு வாங்கன்னு ஒரு மாசம் அனுப்பி வச்சிருக்காங்க. மத்தவங்க யோசிப்பாங்க, நாங்க ஒத்திகை பாக்கறோம்.

கும்ரே: இருங்க, இருங்க. ஹேரின் அப்பா, போன வருஷம் முதியோர் மன்றத்துல நாற்காலி மேல ஏறி நின்னு பேசினது யாரு? "பிள்ளைங்க தலையில ஏறி ஓசி வைத்தியம் பாக்கற கிழங்களை எல்லாம் இறக்கி விடணும், அரசாங்கம் செய்யறதுதான் நியாயம்"னு?

தொக்சு: நாற்காலி மேல ஏறல. பின்னால இருக்கறவங்களுக்குக் காது கேக்காதுன்னு எழுந்து நின்னேன். இப்பவும் சொல்றேன், சட்டம் சரிதான். நான் சொன்னது பணக்காரக் கிழங்களை.

கும்ரே: அரசாங்கம் கணக்குப்படி நீங்கதான் பணக்காரக் கிழம்.

தொக்சு: அவங்க போட்ட கோட்டை மயிரிழை தாண்டினதுக்குப் பேரு பணக்காரனா? வைத்தியச் செலவு ஏன் இப்படி ஏறிக் கிடக்கு தெரியுமா? வாரத்துக்கு மூணு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோளை அமுக்கி விடச் சொல்றீங்களே, உங்களை மாதிரி ஆளுங்களாலதான்.

கும்ரே: அது தனியார் இன்சூரன்ஸ். என் காசு. எனக்குத் தோள் வலிக்குது.

தொக்சு: எந்தத் தோள்?

கும்ரே: ...அன்னிக்கு எது வலிக்குதோ அது.

சுனோக்: அக்கா, அதை விடுங்க. நீதிபதி பொய் விவாகரத்துன்னு கண்டுபிடிச்சுடுவாரோன்னு எனக்குப் பயமா இருக்கு. இவருக்கு நடிக்கவே வரல. திட்டுங்கன்னா வலிக்காம திட்டறார்.

கும்ரே: அந்தச் சோத்துக் கரண்டியை இங்க குடு. நான்தான் நீதிபதி.

தொக்சு: நம்ம ஊரு நீதிபதிங்க மேஜையில சுத்தியல் எல்லாம் தட்டறதில்ல.

கும்ரே: இந்த நீதிபதி தட்டுவாங்க. ம்... கணவர் பியோ தொக்சு, ஏன் பிரியறீங்க?

தொக்சு: கருத்து வேறுபாடு.

கும்ரே: எதுல?

தொக்சு: எதுலன்னு... ஒண்ணும் ஞாபகம் வரலையே. நான் எது சொன்னாலும் அவ சரிம்பா.

கும்ரே: தோத்தீங்க. அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவார். மனைவி மா சுனோக், நீ சொல்லு.

சுனோக்: இவர் மெட்ரோ ரயில்ல வேலை பாத்தார், நீதிபதி அம்மா.

கும்ரே: அது குத்தமா?

சுனோக்: நான் ஏதாவது பேச வாயெடுத்தா, "கதவுகள் மூடப்படுகின்றன, விலகி நில்லுங்கள்"னுட்டு அறைக்குள்ள போய்ப் படுத்துடுவார்.

கும்ரே: ஐயோ... இதை ஏன்டி இத்தனை நாளா என்கிட்ட சொல்லாம வச்சிருந்தே? இரு, சிரிச்சுக்கறேன்.

தொக்சு: அது வேடிக்கைக்குச் சொல்றது.

சுனோக்: முதல் வருஷம் வேடிக்கை.

தொக்சு: அப்புறமும் நீ சிரிச்சிருக்கே.

சுனோக்: கையில சோத்துத் தட்டை வச்சுக்கிட்டு நிக்கறவ வேற என்ன பண்ணுவா? எங்கம்மா செத்த வருஷம், தங்கச்சி கூட கொஞ்ச நாள் தொங்யோங்ல கடலோரம் இருந்துட்டு வர்றேன்னு கேக்க வந்தேன். கதவு மூடிடுச்சு. அடுத்த வருஷமும் கேக்க வந்தேன்.

கும்ரே: பிரமாதம். குரல்கூட லேசா உடையுது பாரு. இதை மாத்தாதே, இப்படியே வச்சுக்கோ.

தொக்சு: ஹேரின் அம்மா... இது ஒத்திகைதானே?

சுனோக்: ஒத்திகைதாங்க.

தொக்சு: காகிதம் கைக்கு வந்தப்புறமும் சாப்பாடு இங்க, தூக்கம் இங்க. அப்படித்தானே பேச்சு?

சுனோக்: சூப் ஆறுது பாருங்க.

தொக்சு: நான் சூப்பைப் பத்திக் கேக்கல.

சுனோக்: அக்கா, நீங்களும் ஒரு கிண்ணம் குடிக்கிறீங்களா?

கும்ரே: குடிக்கிறேன். நாளைக்கும் இதே நேரமா? கதவைச் சாத்திடாதீங்க.

* * *

கும்ரே: என்ன, போன சுருக்குல திரும்பிட்டீங்க? வேற யாரையாவது கூப்பிட்டுட்டாங்களா? நான் இந்தக் கோர்ட்டு பெஞ்சுல இப்பத்தான் உட்கார்ந்தேன். காப்பிகூட ஆறல.

தொக்சு: முடிஞ்சுடுச்சு.

கும்ரே: எது?

தொக்சு: எல்லாம். "ரெண்டு பேருக்கும் சம்மதமா?"ன்னார். இவ ஆமான்னா. நானும் ஆமான்னேன். அடுத்தவங்களை வரச் சொல்லுங்கன்னுட்டார்.

கும்ரே: காரணம் கேக்கலையா?

தொக்சு: நானே கேட்டேன், "ஐயா, ஏன்னு கேக்க மாட்டீங்களா?"ன்னு. நிமிர்ந்துகூடப் பாக்கல. "வரிசை வாசல் வரைக்கும் நிக்குது தாத்தா"ங்கறார்.

கும்ரே: அட, மரியாதை தெரியாத நீதிபதி. நாம தினமும் உயிரைக் குடுத்துப் பழகினோமே. சூப் விஷயம், ரயில் விஷயம்...

தொக்சு: எனக்கு நேத்துதான் ஒரு நல்ல காரணம் கிடைச்சுது. ராத்திரி குளிர்ல இவ கால் ஐஸ் மாதிரி இருக்கும், அதை என் முதுகுல வைப்பா. சொல்லலாம்னு போனேன்.

சுனோக்: அது உங்களுக்குப் பிடிக்காதா?

தொக்சு: பிடிக்கும். வேற ஒண்ணும் கிடைக்கல எனக்கு.

கும்ரே: ஏய், என்னடி சுனோக், கண்ணைத் துடைக்கிறே?

சுனோக்: இந்தக் கட்டடத்துல ஹீட்டரை ரொம்ப ஏத்தி வச்சிருக்காங்கக்கா. வாங்க, எங்கயாவது சாப்பிடலாம். ஜாஜங் நூடுல்ஸ் சாப்பிடலாமா?

தொக்சு: அது வீடு மாத்தற அன்னிக்குச் சாப்பிடறதாச்சே.

சுனோக்: ம்... ஆமா.

கும்ரே: எனக்குப் பெரிய தட்டு. நீதிபதிக்குக் கூலி வேணாமா?

* * *

கும்ரே: பெட்டியா அடுக்கி வச்சிருக்கீங்க? தரகர் சொன்னப்ப நான் நம்பலையே. யாரு வர்றா இந்த வீட்டுக்கு?

தொக்சு: புதுசாக் கல்யாணமான ஜோடி. சத்தமாச் சண்டை போடுவாங்கன்னு தரகர் சொன்னார். உங்களுக்குப் பொழுது போகும்.

கும்ரே: கிண்டல் பண்ணாதீங்க. எங்க போறீங்க?

தொக்சு: தொங்யோங்.

கும்ரே: சுனோக் வீட்டுக்கா? அவதான் அன்னிக்கு நூடுல்ஸ் தின்னுட்டு, மறுவாரமே பெட்டியைத் தூக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாளே. சிப்பி உடைக்கிற கொட்டகையில வேலையாம், கத்தியை வச்சு அவ நெம்புற வேகத்தைப் பாத்து அங்க இருக்கறவங்களே அசந்து போறாங்களாம். திரும்பி வருவாளான்னு கேட்டா பேச்சை மாத்தறா.

தொக்சு: அவ வீட்டுக்கு இல்ல. அவ தெருக் கோடியில ஒரு அறை. அவளே பாத்து முன்பணம் குடுத்து வச்சிருக்கா. ஒரே வீட்டுல வேணாம், ஒரே தெருன்னா பரவால்லன்னா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வரலாமாம். பேச்சு முடியறதுக்கு முன்னால எழுந்திருக்கக் கூடாதாம்.

கும்ரே: நீங்களும் தலையாட்டிக்கிட்டுப் போறீங்க. உங்களைப் பாத்தா பாவமா இருக்கு... இத பாருங்க, நான் யார் வீட்டு விஷயத்தையும் இங்கேயிருந்து அங்க கொண்டு போறவ இல்ல.

தொக்சு: அது ஊருக்கே தெரியும்.

கும்ரே: ஆனா இது என் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. நேத்து ராத்திரி சுனோக் ஃபோன்ல பேசினா. ரெண்டு டம்ளர் சோஜு சரக்கு உள்ள போயிருக்கும் போல. ஹேரின் வேலையை விட்டுட்டாளாம், தெரியுமா? கூடப் பழகிக்கிட்டிருந்த பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வியட்நாமுக்கே போயிட்டாளாம், தனாங்ல காப்பிக் கடை போட.

தொக்சு: ம்.

கும்ரே: என்ன ம்? எப்ப விட்டான்னு கேளுங்க. நீங்க கோர்ட்டுல எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாலயே விட்டுட்டா. ஆபீஸே இல்ல, அப்புறம் ஏது ஆபீஸ் இன்சூரன்ஸ்? நீங்க விவாகரத்து பண்ணினாலும் சுனோக் ஏறிக்க இடமே இல்ல. அது சுனோக்குக்கு அப்பவே தெரியும். மக ஃபோன் பண்ணி, "அப்பாகிட்ட இப்ப சொல்லாதேம்மா"ன்னிருக்கா.

தொக்சு: அந்த டேப்பை இப்படிக் குடுங்க.

கும்ரே: உங்களை ஏமாத்தியிருக்காங்க, மனுஷா. இன்சூரன்ஸும் காரணமில்ல, சீர்திருத்தமும் காரணமில்ல. ரெண்டு பேரும் ஒரே பிரீமியம் கட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க. இப்ப அவ தனியா ஒண்ணு, நீங்க தனியா ஒண்ணு. நானும் முட்டாளாட்டம் கரண்டியைத் தட்டிக்கிட்டு... உங்களுக்குக் கோபமே வரலையா?

தொக்சு: ஹேரின் எனக்கும் ஃபோன் பண்ணினா.

கும்ரே: எப்ப?

தொக்சு: அம்மாவுக்குப் பண்றதுக்கு முந்தின நாள். "அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்கப்பா, உடைஞ்சு போயிடுவாங்க"ன்னா.

கும்ரே: அப்ப... மொத நாள் ஒத்திகையிலயே உங்களுக்குத் தெரியுமா?

தொக்சு: தெரியும். மக போனது இவளுக்குத் தெரியக் கூடாதேன்னுதான் நானும் சேர்ந்து கத்தினேன்.

கும்ரே: அடக் கடவுளே. சுனோக்குக்கும் தெரியும்னு எப்பக் கண்டுபிடிச்சீங்க?

தொக்சு: அந்தச் சாயங்காலம்தான். நீங்க கரண்டியோட உட்கார்ந்து காரணம் கேட்டீங்க இல்ல. எனக்கு ஒண்ணுமே வரல. அவ நிறுத்தவே இல்ல. இன்சூரன்ஸ் சும்மா சாக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

கும்ரே: தெரிஞ்சும் ஏன் கோர்ட்டுல போய் ஆமான்னீங்க? எல்லாம் தெரியும், வேணாம் விடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த வீட்டுலயே ரெண்டு பேரும் இருந்திருக்கலாமே.

தொக்சு: சொல்லியிருந்தா அவ மூடி மறைக்காம நேராவே கேட்டிருப்பா, போகட்டுமான்னு. நேரா கேட்டா நான் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்... அந்தப் பெட்டியோட அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிங்க, முந்நூத்திரெண்டு. நல்லா இருக்கற தோளால பிடிங்க.