முதல் பாட்டில்

காப்பி விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சிக்கரித் தண்ணீரை எப்படித்தான் குடிக்கிறீர்களோ, இன்ஸ்பெக்டர் ஐயா. கடைக்காரனைக் குறை சொல்லவில்லை. எதையும் நம்பி வாயில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏற்காடு பஜாரில் இத்தனை வருஷமாக மருந்துக் கடையை அப்படித்தான் நடத்தினேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சர்டிபிகேட் சேலத்துக்காரர் ஒருவருடையது. அவர் கடைப் படியை மிதித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். படித்தவன் வந்து மட்டும் என்ன செய்வான், லேபிளைப் படிப்பான். லேபிள் அச்சடிக்கிறவனுக்கு மருந்து செய்யத் தெரிய வேண்டியதில்லை. ஒரு சமயம் ஏஜெண்ட் கொடுத்த காய்ச்சல் மாத்திரையைத் தண்ணீரில் போட்டேன், சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கியது. அதன் லேபிளில் தேதி, நம்பர் எல்லாம் சரியாகவே இருந்தன.

அதனால் தரம் பார்க்க நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். புதுப் பெட்டி வந்தால் உடனே விற்க மாட்டேன். சந்தை நாள் வரட்டும் என்று இருப்பேன். மஞ்சக்குட்டைப் பக்கத்து மலைக்காரர்கள் பழமும் தினையுமாக வருவார்கள். அவர்களில் அந்த மருந்துக்கான நோவு உள்ளவருக்கு முதல் பாட்டிலைக் கொடுப்பேன். காசு வாங்க மாட்டேன். அடுத்த சந்தைக்கு ஆள் நல்லபடியாக வந்தால் மருந்து சுத்தம். அப்புறம்தான் பஜார்க்காரர்கள், எஸ்டேட் ரைட்டர்கள், ஸ்கூல் பிள்ளைகள் எல்லோருக்கும்.

நீயே நக்கிப் பார்த்திருக்கலாமே என்று உங்கள் ஏட்டு கேட்கிறார். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் கடையை யார் பார்ப்பது.

ஆள் வராமல் போனதும் உண்டு. கிழங்கு கொண்டுவரும் சின்னன் ஒரு சந்தைக்கு வரவில்லை. அவன் பெண்டாட்டி மட்டும் வந்து, தலைக்கூடையை இறக்கவும் மறந்து நின்றாள். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கே அந்தப் பெட்டியை ஏஜெண்டுக்குத் திருப்பி அனுப்பினேன். தினை கொண்டுவரும் பாவாயியை அவள் தம்பி கையைப் பிடித்துக் கூட்டி வந்தபோது, அவளுக்குக் கொடுத்திருந்த கண் சொட்டு மருந்தை நிறுத்தினேன். பஜாரில் ஒருத்தர் கண்ணுக்காவது கேடு வந்ததா என்று விசாரித்துப் பாருங்கள்.

ஒரே தொந்தரவு, மலைக்காரர்கள் மருந்தை மிச்சம் பிடிப்பார்கள். பாதி குடித்தவனை வைத்து என்ன தரம் பார்ப்பது. அப்படிப்பட்டவர்களைச் சந்தை நடுவில் நிறுத்தி, நாலு பேர் சிரிக்கிற மாதிரி திட்டுவேன். அதற்குப் பயந்து ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

இந்த ஐப்பசி மழையில் ஊரெல்லாம் இருமல். இருந்த டானிக் தீர்ந்து, பெயர் தெரியாத கம்பெனியின் டானிக் வந்தது. அதன் வாசனை எனக்குப் பிடிக்கவில்லை. சந்தையில் ஆராயி என்பவள் இடுப்பில் பையனோடு வந்தாள். அவனுக்கும் இருமல். முதல் பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன். சாமி மாதிரி நீங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

என் மகள் மல்லிகாவின் பெண் காமாட்சிக்கு மூன்று வயசு. அவளும் இருமி இருமிக் கண் சிவந்து கிடந்தாள். மல்லிகா என்னோடு சண்டைக்கு வந்தாள்.

"கடையில மருந்த அடுக்கி வெச்சுக்கிட்டு புள்ளைய இப்பிடி இரும உடறீங்களேப்பா."

"பொறு கண்ணு. அடுத்த சந்தை வரட்டும்."

என் பேத்தி விஷயத்தில் நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்று நீங்களே பாருங்கள்.

சந்தை வந்தது. ஆராயி ஒரு கூடை ஆரஞ்சோடு வந்தாள். அவள் பையன் கடைவாசலில் சேற்றில் குதித்துக்கொண்டிருந்தான். நாக்கை நீட்டச் சொன்னேன், வயிற்றை அமுக்கினேன். ஒரு குறையும் இல்லை.

"மருந்து பூராக் குடுத்தியா?"

"குடுத்தேனுங்க. உங்க புண்ணியத்துல புள்ள நொம்ப நல்லா இருக்கறானுங்க."

"பாட்டில் எங்க?"

"ஊட்டுல இருக்குதுங்க சாமி."

அன்று மத்தியானமே காமாட்சிக்கு என் கையால் ஊற்றினேன். இனிக்குது தாத்தா என்று இன்னொரு மூடி கேட்டாள். கொடுத்தேன். சோதித்த மருந்துதானே. வேளை தவறாமல் கொடுத்தேன். பிறகு அவளுக்கு மூத்திரம் நின்றது, முகம் வீங்கியது. ஜீப் பிடித்துச் சேலம் கொண்டுபோனோம். திரும்பும்போது மல்லிகா அவளை என்னிடம் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மிச்சப் பாட்டில்களை நான்தான் கட்டி ஓரமாக வைத்தேன். ஊரில் வேறு யாருக்கும் போகவில்லை.

இப்போது மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, ஆராயி வீட்டிலிருந்து எடுத்த பாட்டில், அதன் மூடி சீல் உடையவே இல்லை. சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டாளாம், பையனுக்கு இருமல் தானாக நின்றுவிட்டதாம். சும்மாக் கிடைத்த நல்ல மருந்தாயிற்றே, ஆபத்துக்கு ஆகும் என்று தினைப் பானைக்குள் பத்திரப்படுத்தினாளாம். குடுக்கலைன்னா திட்டுவாருன்னுதானுங்க அப்படிச் சொன்னேன் என்று இப்போது உங்களிடம் அழுகிறாள்.

நான் கொடுத்தேன், சின்னனுக்கும் பாவாயிக்கும் என் பேத்திக்கும். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் சோதிக்காத மருந்து என் கடையை விட்டுப் போனது இந்த ஒரு தடவைதான். அதற்குக் காரணம் ஆராயி சொன்ன பொய். அதை முதலில் எழுதுங்கள். அவள் பையன் மட்டும் அந்த மருந்தை ஒழுங்காகக் குடித்திருந்தால், என் காமாட்சி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.