எண்ணிக்கை சரியாக இருந்தது

29 நவம்பர் 2024, வெள்ளி.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு செய்துவிட்டேன். தமிழ் வகுப்பு முடிந்து படியிறங்கியவர்கள் ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறேன். நான்கு பேர்தான். சின்னத் தவறு. ஆனால் நான் கவனமாக இருப்பேன் என்று நம்பித்தான் வருகை எழுதும் வேலையையும் சாவியையும் சார் என்னிடம் கொடுத்தார். அதனால் அது எப்படி வந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். நான் பள்ளியில் படித்தது கன்னடம். தினம் ஒரு பக்கம் எழுதினால் தமிழ் பழகும் என்று சார் சொன்னதால்தான் இந்த நோட்டு. வாக்கியங்கள் சரியாக வருகின்றனவா என்று எனக்கே தெரியவில்லை.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஓர் ஊதுபத்திக் கடையின் மாடியில் வகுப்பு. செவ்வாய், வியாழன், சனி, மாலை ஆறரைக்கு. நேற்று தூறல், அதனால் வந்தவர்கள் குறைவு. பாடம் நடத்தும் மாணிக்கவாசகம் சார். செல்போன் கடையில் வேலை செய்யும் ரத்தினவேல். லேபில் ரத்தம் எடுக்கும் சுசித்ரா. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஜோதிமணி. நான். ஐந்து பேர். இதில் சந்தேகமில்லை, விளக்கு எரியும்போது எழுதியது.

ஏழரைக்குக் கரண்ட் போனது. சார் தன் போன் டார்ச்சை மேஜையில் கவிழ்த்து வைத்தார். விளிம்பில் மட்டும் வெளிச்சம். எல்லோரும் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டோம். கன்னடம் கலக்காமல் ஆளுக்கொரு கதை சொல்லுங்கள் என்றார் சார்.

"பேய்க் கதைன்னா சொல்றேன் சார்," என்றான் ரத்தினவேல். "ஆனா மைசூர்ப் பேய்க்குத் தமிழ் வராது."

"உனக்கு மட்டும் வருதா?" என்றாள் ஜோதிமணி.

சுசித்ரா சிரிக்கவில்லை. தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றாள். அவள் சிநேகிதி சின்மயியின் அண்ணன் ஸ்ரீவத்ஸுக்கு நடந்தது. ஒரே ஒரு தடவை சொன்னாராம். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவாராம். லேப் ரிப்போர்ட் படிப்பதுபோல ஒரே குரலில் சுசித்ரா சொன்னாள். நானும் அப்படியே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

விடியற்காலை நாலரை மணி. வியட்நாமின் வடக்கே மலைகளுக்கு நடுவில் ஒரு சாலை. வீடு இல்லை. விளக்கு இல்லை. மூடுபனி… சைக்கிள் விளக்கின் வெளிச்சம் ஓர் ஆள் நீளத்துக்குமேல் போகவில்லை. சாலையோரம் முழுக்கப் பட்டை உரித்துக் காயப் போட்டிருக்கிறார்கள். நாம் குருமாவுக்குத் தாளிக்கிற அதே பட்டை. பனியில் ஊறி, அந்த வாசனை நகராமல் நிற்கிறது.

மைசூரிலிருந்து போனவர்கள் நான்கு பேர். ஐந்து நாள் பயணம், அன்று கடைசி நாள். பதினொன்றரைக்கு யென் பாய் என்ற ஊரில் ரயிலைப் பிடிக்க வேண்டும். இரவு ஹனோயில் விமானம். எழுபத்தைந்து கிலோமீட்டர் பாக்கி. எங்கும் நிற்க நேரமில்லை.

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள். அந்த ரோட்டில் திரும்பிப் பார்த்தால் கைப்பிடி ஆடும். ஆடினால் லாரி. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் போகிறவர் ஒன்று என்பார். அடுத்தவர் இரண்டு, அதற்கடுத்தவர் மூன்று. கடைசிக் குரல் வந்துவிட்டால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வருஷக்கணக்கில் அப்படித்தான். லாரியே இல்லாத அந்தச் சாலையிலும் அப்படித்தான்.

முன்னால் முரளிதரன். அடுத்தது கணேசன். ஸ்ரீவத்ஸ் எப்போதும் கடைசி ஆள். அன்று அவருடைய பின்விளக்கு எரியவில்லை. விளக்கில்லாதவர் கடைசியில் வரக் கூடாது என்பதும் அவர்கள் விதி. அதனால் கொள்ளேகால் பையன் தருண்குமாரைக் கடைசிக்கு மாறச் சொன்னார். தருணுக்கு முந்தின நாளிலிருந்தே முட்டிவலி. கடைசியில் வேண்டாமே என்றான். கொஞ்சம் மெதுவாகப் போகலாமா என்றும் கேட்டான். ரயில் போய்விடும் என்றார் ஸ்ரீவத்ஸ். அவன் மாறிக்கொண்டான்.

முரளிதரனின் சைக்கிளில் ஒரு மீட்டர் உண்டு. கிலோமீட்டருக்கு ஒரு தடவை கீச்சென்று கத்தும். அது கத்தினால் எண்ண வேண்டும்.

முதல் கீச்சு. ஒன்று. இரண்டு. ஸ்ரீவத்ஸ் மூன்று என்றார். பின்னால் லேசாகத் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, "நாலு."

தருணின் பின் மட்கார்டில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. சக்கரம் சுற்றும்போதெல்லாம் டிக்… டிக்… டிக்… என்று தட்டும். அந்தச் சத்தமும் பின்னாலேயே வந்தது. ஏற்றத்தில் மெதுவாக. இறக்கத்தில் வேகமாக.

இரண்டாவது கீச்சு. செருமல். நாலு. மூன்றாவது. செருமல். நாலு. பையன் முட்டிவலியைக் காட்டிக்கொள்ளாமல் வருகிறான் என்று நினைத்தாராம் ஸ்ரீவத்ஸ். ஒன்பதாவது கீச்சின்போதுதான் ஒன்று உறுத்தியது. ஏற்றம் ஏறி மூச்சு வாங்கியதில் முரளிதரனின் குரல் மாறியிருக்கிறது, கணேசனின் குரல் மாறியிருக்கிறது, தன் குரலும் மாறியிருக்கிறது. அந்த நாலு மட்டும் மாறவில்லை. அதே செருமல். அதே இடைவெளி.

திரும்பிப் பார்க்கலாமா என்று தோன்றியதாம். பார்க்கவில்லை. பழக்கம்.

பதினாலாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடை. தகரக் கூரை, ஒரு பல்பு. முரளிதரன் கையைத் தூக்கினார். மூவரும் பிரேக் பிடித்தார்கள். பின்னால் அந்த டிக் டிக் மெதுவாகி… மெதுவாகி… ஸ்ரீவத்ஸின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. பிரேக் பிடித்தவர் காலை ஊன்றுவதுபோல, செருப்பு சரளைக்கல்லில் அரைபடும் சத்தம்கூடக் கேட்டது.

திரும்பினார். சாலை. பனி. யாரும் இல்லை.

பத்து நிமிஷம் நின்றார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள். போன் பண்ண முடியாது, அந்த ஊர் சிம் முரளிதரனிடம் மட்டும்தான். யாரும் ரயிலைப் பற்றிப் பேசவில்லை. வந்த வழியே திரும்பினார்கள். ஸ்ரீவத்ஸ்தான் இப்போது முன்னால். இந்தத் தடவை யாரும் எண்ணவில்லை.

தருண் கிடைத்தான். முதல் கீச்சு கத்திய இடத்துக்குச் சற்று முன்பாகவே. செயின் அறுந்து, சைக்கிள் ஓரத்துக் கால்வாயில் கிடந்தது. பட்டைக் குவியலில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முட்டி வீங்கியிருந்தது. மற்றபடி அடியில்லை. அழவுமில்லை. விடிந்திருந்தது.

ஸ்ரீவத்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன்டா கூப்பிடவில்லை என்று கேட்டார். அவன் முட்டியைத் தடவிக்கொண்டான். பிறகு சொன்னான்.

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தனுங்ணா. முன்னாடி நீங்க எண்றது கேட்டுச்சு. மூணு வரைக்கும் கேட்டுச்சு. சரி, நாலு வரலைன்னா நின்னுருவாங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." அறுந்த செயினைப் பார்த்தான். "நாலு சொல்லிப்போட்டாங்ணா. என்ற சொந்தக் குரல்ல. அதுக்கப்புறம் நான் எதுக்குக் கூப்பிடறது?"

அவ்வளவுதான். ரயில் போனது, விமானம் போனது, இரண்டு நாள் கழித்து நால்வரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். தருண் இப்போது கொள்ளேகாலில் அப்பாவின் பட்டு நூல் கடையில் இருக்கிறான். ஸ்ரீவத்ஸ் மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறார். பஸ்ஸில்தான் போகிறார், சைக்கிளைத் தொடுவதில்லை. தருண் நன்றாகச் சாப்பிடுகிறான், வேலை செய்கிறான். ஒன்று மட்டும். உள்ளேயிருந்து அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல மாட்டான். கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் காத்திருப்பான். வேறு யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டு, பிறகுதான் "வரேம்மா" என்பான்.

சுசித்ரா நிறுத்தினாள். கீழே கடை மூடியிருந்தார்கள். சார் நேரம் பார்க்கப் போனை எடுத்தார், எட்டு இருபது. அந்த நேரம் பார்த்துச் சார்ஜ் தீர்ந்து டார்ச் அணைந்தது. போதும், இறங்கலாம் என்றார். குடை, பைகளைத் தடவி எடுத்தோம். நாற்காலிகள் இழுபட்டன.

எங்கள் படி குறுகலானது. ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். இருபத்திரண்டு படி.

"சார், எண்ணிக்கிட்டே இறங்கலாமா? சுத்தத் தமிழ்ல," என்றான் ரத்தினவேல். அவன் குரலில் சிரிப்பு பாதிதான் இருந்தது. வேண்டாம் என்று சுசித்ரா சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குள் சார் ஒன்று என்றுவிட்டார். நல்ல மனுஷர், பாடம் என்று நினைத்திருப்பார். ரத்தினவேல் இரண்டு. கொஞ்சம் தாமதித்து, சுசித்ரா மூன்று.

நான் நாலு என்றேன்.

பின்னால் லேசான செருமல். பிறகு ஜோதிமணியின் குரலில், "அஞ்சு."

கீழே வந்தேன். தெருவும் இருட்டு. சாரும் மற்ற இருவரும் ஆட்டோ பிடிக்க மார்க்கெட் பக்கம் நடந்துவிட்டார்கள். ஜோதிமணி இருட்டில் என்னைத் தாண்டிப் பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள் என்று நினைத்து, படிக்கட்டின் இரும்புக் கேட்டை இழுத்து, தடவிப் பூட்டுப் போட்டேன். வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஐந்து என்று எழுதினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது, அதனால் எழுதினேன்.

இன்று மதியம் ஜோதிமணி போன் செய்தாள். நேற்று பாதிக் கதையில் எழுந்து போய்விட்டாளாம். எட்டு மணி இருக்கும் என்றாள். கதையைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாளாம். டார்ச்சின் விளிம்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். தூறல் விடட்டும் என்று கடை வாசலில் ஒதுங்கி நின்றிருக்கிறாள். அப்போது நாங்கள் எண்ணுவது படி வழியாகக் கேட்டிருக்கிறது.

"நீங்க நாலு சொன்னீங்கல்ல அக்கா? நான் கீழ இருந்தே அஞ்சுன்னு கத்தி உங்களைப் பயமுறுத்தலாம்னு வாயைத் திறந்தேன்," என்றாள்.

நான் காத்திருந்தேன்.

"அதுக்குள்ள மேல சொல்லியாச்சு."

அப்புறம் அவள் நிற்கவில்லை. தூறலில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறாள். தனக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டாள். ஆகாது என்றேன். வைத்துவிட்டாள். ரத்தினவேல் குரலை மாற்றிப் பேசியிருப்பானோ என்று யோசித்தேன். அவன் எனக்கு முன்னால், சுசித்ராவுக்கும் முன்னால் இறங்கினான். அந்தக் குரல் என் பின்கழுத்துக்கு அருகில் இருந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். பூட்டும்போது நான்தான் கேட்டுக்கு முன்னால் நின்றேன். எனக்குப் பின்னால் இறங்கியவர் வெளியே போக வேண்டுமானால் என்னை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் என்னை இடிக்கவில்லை. நேற்று எட்டரையிலிருந்து அந்தக் கேட் பூட்டியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை.

நாளை, சனி: வியாழக்கிழமைக் குறிப்பில் இறங்கியவர்கள் ஐந்து என்பதை அடித்து நான்கு என்று திருத்துவது. டார்ச் வாங்குவது. ஜோதிமணியைப் பஸ் ஸ்டாண்டிலேயே போய் அழைத்து வருவது, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. ஆறு மணிக்குக் கேட்டைத் திறப்பது. சாவி என்னிடம்தான் இருக்கிறது.