பூட்டாத வீடு

ஜன்னலோரமாக உட்காருங்கள் ஐயா, அங்கேதான் காற்று நன்றாக வரும். நான் கீழே முற்றத்தில் நின்றபடியே பேசுகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஏணி என்றால் பயம். தீயணைப்புக்காரர்கள் சாத்திவிட்டுப் போன ஏணியில் நீங்கள் தொப்பி கலையாமல் மளமளவென்று ஏறினீர்கள் பாருங்கள், கைதட்டலாம் போலிருந்தது. குற்றம் நடந்த இடத்தைத் தானே ஏறிப் பார்க்கும் இன்ஸ்பெக்டர்கள் இப்போதெல்லாம் அபூர்வம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நான் என் தாய்மாமாவை மாடியில் வைத்துப் பூட்டினேன் என்று அவர் மகள் புகார் எழுதியிருக்கிறாள். பூட்டினேன் என்பது அபாண்டம். இந்த வீடு கட்டிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூடப் பூட்டப்பட்டதில்லை. வம்பே அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

நகராட்சியில் பாரம்பரியப் பிரிவு என்று ஒன்று தொடங்கினார்கள். பிரிவு என்றால் ஆணையர், ஒரு மின்விசிறி, நான். கல்லூரி மலரில் பேராசிரியர்களை நக்கல் அடித்து எழுதியவன் என்பதால் எனக்கு எழுத்து வரும் என்று ஆணையர் நம்பினார். நம் ஊரை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கச் சொல்லி சர்வதேசக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது என் வேலை. கோட்டைச் சுவர் இருக்கிறது என்று எழுதினேன். கோட்டைச் சுவர் எந்த ஊரில்தான் இல்லை, அடித்துவிட்டு வேறு எழுது என்றார். அப்போதுதான் மாமா வீடு நினைவுக்கு வந்தது.

இந்த வீட்டின் சாவியை, இதைக் கட்டிய மாமாவின் தாத்தா குடிவந்த அன்றே தொலைத்துவிட்டார். புதுச் சாவி செய்ய யாருக்கும் கை வரவில்லை. சோம்பேறித்தனம் பரம்பரையாக வந்தது. அதனால் வீட்டைக் காலியாக விட முடியாது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் ஓர் ஆள் காவலுக்குத் தங்கிவிடுவார். மாமா கல்யாணத்துக்கு அவரைப் பெற்ற அப்பாவே வரவில்லை. இதைத்தான் நான் கொஞ்சம் மெருகேற்றி, "ஒரு நாள்கூடப் பூட்டப்படாத, தலைமுறை தலைமுறையாக மனித மூச்சு நிற்காத வீடு" என்று எழுதினேன். சர்வதேசக் குழு அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, நேரில் வந்து பார்க்கிறோம் என்றது. ஆணையர் என் தோளில் தட்டிய தட்டில் எலும்பு விட்டுப்போயிருக்கும்.

இந்தத் தெருவில் அப்போதே மாமா ஒருவர்தான் மிச்சம். மற்றவர்களெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத வீடுகளின் ஏசிகளுக்கு மரக்கலர் பெயிண்ட் அடித்தோம். டீக்கடைக்காரரின் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பறித்துக்கொண்டு கல் பலகை போட்டோம். ஊரே ஜோராகத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். பிரசவ நேரம். பேரனோ பேத்தியோ, வர்றப்ப நான் அங்க இருக்கணும். அவ வீட்ல லிஃப்ட் வேற இருக்கு."

மாமா ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆபரேட்டர். "வாழ்நாள் பூரா அதுக்குள்ளதானே நின்னீங்க மாமா, இன்னுமா ஆசை?" என்றேன்.

"நின்னேன். ஊர்ல உள்ளவனையெல்லாம் ஏத்தி இறக்கினேன். இப்ப நான் ஏறுறேன், வேற எவனாவது பொத்தான அமுக்கட்டும்."

"அப்ப வீடு?"

"ஒரு பூட்டு வாங்கிப் போடுடா. என்ன, அரண்மனையா?"

பூட்டுப் போட்டால் என் விண்ணப்பமே போச்சு. நீயே குடியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். யோசித்தேன் ஐயா. ஆனால் மாடி ஜன்னலில் ஒரு நரைத்த தலை தெரிந்தால்தான் எடுபடும். என் தலைக்கு அந்தத் தகுதி வர இன்னும் நாளிருக்கிறது.

அதனால் கீழ்த்தளத்தில் தரை ஓடுகளைப் பெயர்த்தோம், பராமரிப்புக்கு. பெட்டியைக் கட்டிவைத்திருந்த மாமா, கார் வரும்வரை இருக்கலாம் என்று மாடிக்குப் போனார். வசதியான அறை. கழிப்பறை ஒட்டினாற்போலவே இருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அன்று மத்தியானம் தச்சரைக் கூப்பிட்டு மரப்படிக்கட்டைக் கழற்றச் சொன்னேன். படியில் நிஜமாகவே கரையான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"மேல ஆள் இருக்காரே தம்பி?" என்றார் தச்சர்.

"தூங்குறார்ணே. எழுப்பாம கழட்டுங்க."

அவர் தொழில் தெரிந்தவர். ஒரு சத்தம் வரவில்லை. மாமா எழுந்து வந்து பார்த்தபோது படி வண்டியில் போய்க்கொண்டிருந்தது.

"டேய், படி எங்கடா?"

"மருந்து அடிக்கப் போயிருக்கு மாமா. வந்துரும்."

கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. அவர் எந்த நேரமும் வெளியே போகலாம், கீழே மட்டும் வந்துவிட்டால்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. கூடையில் கயிறு கட்டி வேளாவேளைக்கு மேலே அனுப்பினேன். அவருடைய ஃபோனில் சார்ஜ் நிற்கவில்லை என்றார்; கூடையில் போட்டு அனுப்புங்கள், சரிபண்ணித் தருகிறேன் என்றேன். அவரே போட்டு அனுப்பினார். அதன்பிறகு அவர் மகளுக்கு அவர் சார்பில் நான்தான் எழுதிவந்தேன். "இங்கயே நல்லா இருக்கும்மா. முட்டி வலி. அப்புறம் வரேன்." அவள் கூப்பிட்டால், "மாமா இப்பதான் கண்ணசந்தார்" என்பேன்.

"எப்பப் பாத்தாலும் தூக்கம்தானாடா? பேத்தி பொறந்திருக்கா, அதுக்குக்கூட எந்திரிக்க மாட்டாரா?"

"சொன்னேன். சிரிச்சுக்கிட்டே திரும்பிப் படுத்துட்டார்."

மாமாவிடமும் சொன்னேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சந்தோஷம் தாங்கவில்லை போலும். அன்று கூடை நிறைந்தபடியே திரும்பி வந்தது.

அதற்கப்புறம்தான் அவர் ஜன்னலில் நின்று "ஏணி, ஏணி" என்று கத்தத் தொடங்கினார். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, நல்ல கணீரென்ற குரலில். வெறுந்தெருவில் அது எடுப்பாக ஒலித்தது. "உங்க மாமா ஏணி கேக்குறாரே?" என்றார் டீக்கடைக்காரர். "வரவேற்புண்ணே. பழங்காலத்து வழக்கம். குழு வர்றதுக்கு ஒத்திகை பாக்குறார்" என்றேன். "அதானே பாத்தேன்" என்று அவரும் அடுத்து வந்தவருக்கு வணக்கத்துக்குப் பதில் ஏணி சொல்லித்தான் டீ ஆற்றினார்.

நிபுணர்கள் வந்தார்கள். மாமா அன்று தன் வாழ்நாளின் உச்சத்தில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு, கண்ணீர் வழிய, தொண்டை கட்டும்வரை "ஏணி" என்றார். தலைமை நிபுணர் மார்பில் கைவைத்து, குனிந்து, "ஏணி" என்று பதில் சொன்னார். கூட வந்தவர்களும் சொன்னார்கள். இத்தனை உருக்கமான வரவேற்பை எந்த நகரத்திலும் கண்டதில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. நகர நுழைவாயிலில் ஆணையர் "ஏணி" என்று பெரிய எழுத்தில் வளைவு வைத்திருக்கிறார், வரும்போது பார்த்திருப்பீர்கள்.

படியைத் திருப்பி மாட்டியிருக்கலாமே என்கிறீர்கள். குழு பார்த்த நிலையிலிருந்து ஓர் ஆணிகூட மாறக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனையை நான் எழுதவில்லை.

இன்று காலை மாமாவின் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள், இடுப்பில் குழந்தையோடு. சுற்றுலாக்காரர்கள் கூட்டமாக நின்று ஏணி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரில் அந்தச் சொல்லுக்கு ஏணி என்றே அர்த்தம் எடுத்துக்கொண்டது அவள் ஒருத்திதான். தீயணைப்பு வண்டி வந்தது, நீங்கள் வந்தீர்கள். மாமாவைத் தோளில் போட்டு இறக்கினார்கள். குழந்தை அவரைப் பார்த்து அழுதது, அவரும் அழுதார். என்னை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வீட்டைப் பிரிகிற வருத்தம் அவருக்கு. என் மேல் கோபமெல்லாம் இருக்காது.

ஆக, படியைக் கழற்றச் சொன்னது நான். ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டதும் அவர் பெயரில் எழுதியதும் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், சந்தோஷமாகவே. ஊருக்காகச் செய்ததை மறைப்பானேன்?

அந்தச் சத்தமா? ஒன்றுமில்லை ஐயா, தச்சர்தான். ஏணியை வாசல் பக்கமாக எடுத்துப் போகிறார். பழைய சுவரில் இரும்பு ஏணி சாய்ந்திருப்பது கண்ணை உறுத்துகிறது. நாளைக்குப் பாரம்பரிய நகரப் பலகைத் திறப்பு விழா. சர்வதேசக் குழு முழுதாக வருகிறது. அன்றைக்குப் போய் வீடு காலியாக இருந்தால் என்ன ஆவது? உங்களோடு வந்த கான்ஸ்டபிள்கள் மாமாவை அழைத்துக்கொண்டு ஜீப்பில் போய்விட்டார்கள். இந்தச் சுவர் கனத்துக்கு அங்கே ஃபோனில் சிக்னல் எடுக்காது; நிபுணர்கள் அதையும் பாராட்டினார்கள். உங்களுக்கும் காதோரம் நன்றாகவே நரைத்திருக்கிறது.

படபடக்காதீர்கள். கதவை நான் பூட்டவில்லை, பூட்டவும் மாட்டேன். கூடையில் இப்போது டீ அனுப்புகிறேன். நாளைக்கு அவர்கள் வரும்போது ஜன்னலில் நின்று கையசைத்தால் போதும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த வார்த்தை தானாக வாயில் வரும்.