மழைக்கு ஊதாத கதவுகள்

நீங்களும் ஜூஜா பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருப்பதாகத் தேநீர் கொண்டுவந்த காவலர் சொன்னார், ஐயா. நல்ல காரியம். கல்லூரியும் தொழிற்சாலைகளும் இருக்கிற வரைக்கும் இங்கே அறைக்கு ஆள் கிடைக்காமல் போகாது. நீங்கள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், எல்லாவற்றையும் சொல்கிறேன். நடுவில் உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது வந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாழ்நாளில் பாதியை வாடகைக்கு விட்டே கழித்தவனுக்கு வேறு பேச்சு வராது.

முதலில் தண்ணீர். சுவர் எப்படி இருந்தாலும் குடிவருகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குழாயைத் திறந்தால் காற்று வந்ததென்றால் பொறுக்கமாட்டார்கள். பெரிய தொட்டியாக வாங்கி மொட்டைமாடியில் வையுங்கள். ஜனவரியில் வாடகையை ஏற்றாதீர்கள். அது பள்ளிக் கட்டணம் கட்டுகிற மாதம், வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வீர்கள். தனியாள்களைவிடப் பிள்ளை உள்ள பெண்ணுக்குக் கொடுப்பது நல்லது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டால் அவள் லேசில் இடம் மாறமாட்டாள்.

நபூலா அப்படி வந்தவள்தான். கல்லூரி வாசலில் சப்பாத்தியும் பீன்ஸும் விற்கிறாள். புருஷன் இல்லை. நெலிமா என்று ஒரே மகள். என் பேத்தி ஞம்புராவும் நெலிமாவும் ஒரே வகுப்பு. பள்ளிவிட்டு வந்தால் இரண்டும் மாடிப்படியில் கயிறு தாண்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் திட்டு வாங்கும். நானும் மனைவியும் பேத்தியும் கீழ்த்தளத்தில் இருந்தோம். நபூலாவுக்கு மூன்றாம் மாடி.

அந்த மூன்றாம் மாடிக்குத்தான் வருகிறேன். அஸ்திவாரம் ஒரு மாடிக்குப் போட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் உயர்த்திக் கட்டினார்கள். நானும் கினாங்கோப்பில் இருக்கிற பூர்வீக நிலத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஈடு வைத்து, மேலே இரண்டு மாடி ஏற்றினேன். எங்கள் பக்கம் கரிசல் மண். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். உங்கள் மனையும் அதே மண்தான், ஐயா. மண்ணைச் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இந்த வருடம் பெருமழை பிடித்ததும் கதவுகள் இடிக்க ஆரம்பித்தன. முதலில் எங்கள் வீட்டு மரக்கதவு. தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிட்டேன். மழைக்கு மரம் ஊதும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மாடிக் கதவுகள் இடித்தன. மாடியில் இருப்பவை இரும்புக் கதவுகள்.

நபூலாதான் வந்து சொன்னாள். அவளுக்கு எதையும் கிண்டல் இல்லாமல் சொல்லத் தெரியாது.

“பெரியவரே, எங்க ஊர்ல மரம்தான் மழைக்கு ஊதும். உங்க ஜூஜாவுல இரும்புக்கும் வயிறு உப்புமா?”

“பழைய கதவும்மா. வெல்டரை வரச் சொல்றேன்.”

“வெல்டர் வந்து என்ன பண்ணப் போறாரு, கஷாயம் குடுப்பாரா?”

நானும் சிரித்தேன். வெல்டர் வந்து ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார். கதவு மூடியது. சில நாளில் மறுபடி இடித்தது, மறுபடி தேய்த்தார். குறை சொன்ன அன்றைக்கே ஆள் அனுப்புகிற வீட்டுக்காரர் என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது. விசாரித்துப் பாருங்கள்.

எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து ஒரு பொறியாளரையும் கூட்டிவந்து காட்டினேன். அவர் கீழ்த்தளத்துத் தூண்களைத் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“எல்லாரையும் இறக்கிடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க.”

நான் நிதானமாக யோசித்தேன். வீட்டைக் காலி செய்தால் வாடகை நின்றுவிடும், கடன் நிற்காது. வீடும் போகும், கினாங்கோப் நிலமும் போகும். மழை இன்னும் கொஞ்ச காலம்தான். வெயில் வந்ததும் மண் இறுகிவிடும், அப்போது தூண்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அவசரப்பட்டு எடுத்த முடிவு இல்லை.

நபூலா கிளம்பப் போகிறாள் என்று தெரிந்தபோதுதான் கவலைப்பட்டேன். அவள் பேச்சுக்கு அந்தக் கட்டடத்தில் மதிப்பு உண்டு. அவள் பாத்திரத்தைத் தூக்கினால் சாயங்காலத்துக்குள் படிக்கட்டு முழுக்க மெத்தைகள் இறங்கும். நானே மேலே போனேன். அவள் பாத்திரங்களைக் கட்டி வைத்திருந்தாள்.

“சுவருக்குள்ள ஏதோ முனகுது, பெரியவரே. எனக்கு மனசு சரியில்ல.”

“நெலிமா அம்மா, வருசத்துக்கு நடுவுல பிள்ளையை எங்க கொண்டு அலைவே? நானும் இதே கட்டடத்துல, கீழதானே இருக்கேன், என் பேத்தியோட. பயம்னா நான் இருப்பேனா?”

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளை நிறுத்தியது. கட்டைப் பிரித்துப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினாள். சூடாக ஒரு சப்பாத்தி போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அந்த வாரமே பள்ளியில் முதல் பருவம் முடிந்து ஏப்ரல் விடுமுறை தொடங்கியது. மனைவியையும் பேத்தியையும் கினாங்கோப்பில் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வருடா வருடம் போவதில்லை. இந்த வருடம் போகலாம் என்று தோன்றியது. திரும்பி வந்து, கடையில் வேலை அதிகம் என்று சொல்லி, எதிர்ச்சாரியில் இருக்கிற என் பெயிண்ட் கடையிலேயே படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டடம் விழுந்தது. நபூலா தேவாலயத்திலிருந்து வரும் வழியில் மாவு வாங்க நின்றிருந்தாள். முதல் சத்தத்திலேயே பலர் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். சில கதவுகள் திறக்கவில்லை. மூன்றாம் மாடியில் நெலிமா உள்ளேயிருந்து கதவைத் தட்டித் தட்டி அம்மாவைக் கூப்பிட்டாள். நபூலா தெருவில் நின்று கேட்டாள். நானும் கேட்டேன். பிறகு புழுதிதான்.

எனக்கு அழுகை வந்தது, ஐயா. நடிப்பு என்று செய்தித்தாளில் எழுதியிருக்கிறார்கள், நடிப்பில்லை. அந்தக் குழந்தைக்கு என் மனைவி எத்தனையோ நாள் சோளமும் பயறும் தட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இரவில் கண்ணை மூடினால் அந்தத் தட்டுகிற சத்தம்தான் கேட்கிறது.

நேற்று நபூலா இங்கே காவல் நிலையத்துக்கு வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒன்றுதான் கேட்டாள்.

“அன்னிக்குக் கார்ல இடமில்லேன்னு சொன்னீங்களே. நெசமாவா இல்ல?”

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் கினாங்கோப் கிளம்பிய காலையில் நபூலா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கார் பக்கத்தில் வந்து நின்றாள். நெலிமா தோளில் பை மாட்டியிருந்தாள். கினாங்கோப் மலைக் குளிருக்கு வேண்டும் என்று யாரிடமோ வாங்கிய கம்பளிச் சட்டையும் போட்டிருந்தாள்.

“இதையும் கூட்டிட்டுப் போங்களேன், பெரியவரே. ரெண்டும் ஒண்ணா ஆடட்டும். எனக்கும் கொஞ்சம் காது ஓயும்.”

“வண்டியில இடமில்லம்மா. அடுத்த தடவ பாப்போம்.”

நெலிமா அடம்பிடிக்கவில்லை. பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஞம்புராவுக்குக் கை காட்டினாள்.

பேத்தியை அழைத்துப் போனால் அது விடுமுறை. குடியிருப்பவளின் மகளையும் சேர்த்து அழைத்துப் போனால், அவளை எதற்கு இங்கிருந்து கொண்டுபோகிறேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குப் பதில் தெரிந்த மனிதனாக என்னால் வண்டி ஓட்டியிருக்க முடியாது. விழும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஐயா. அதைத் தயவுசெய்து அப்படியே எழுதுங்கள்.

பின் இருக்கையில், பேத்திக்குப் பக்கத்தில், டிவியைப் போர்வையால் சுற்றி வைத்திருந்தேன். புது டிவி. அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.