பக்கத்து அட்டை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், தேசிய மாணவர் படைச் சீருடையில் இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“நான் சுட்ட குண்டெல்லாம் உன் குறி அட்டையிலதான்டி இருக்கு.”

“அஞ்சுமா?”

“அஞ்சும்தான். கேம்ப்ல ரைபிள் சுடணுமேன்னு செட்டிகுளம் திருவிழாவுல மூணு நாள் பலூன் சுட்டுப் பழகுனேன்ல? அந்தத் துப்பாக்கி கோணத் துப்பாக்கி. இடப்பக்கத்து பலூனைக் குறி வச்சாத்தான் நம்ம பலூன் வெடிக்கும். கேம்ப்லயும் கை தானா அப்படியே இடப்பக்கம் போயிடுச்சு. எனக்கு இடப்பக்கம் நீதான சுடப் படுத்திருந்த?”

“என் அட்டையில மொத்தமே அஞ்சு ஓட்டைதான்டி இருந்துச்சு!”

“அப்ப நீ எங்க சுட்ட?”

“யாருக்குத் தெரியும்? கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். சார் வந்து பாத்துட்டு, ‘அஞ்சும் ஒரே எடத்துல, சபாஷ்’னு என்னைத் திருச்சி போட்டிக்கு எடுத்துட்டாரு.”

“என்னைய, ‘வெளக்கமாறு புடிக்கக்கூட லாயக்கில்ல’ன்னாரு.”

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்து போனது. நான் இறங்கவில்லை.

மற்றவள் சொன்னாள்:

“சார்ட்ட அழுது கேட்டு உன்னையும் சேத்துடுறேன். திருச்சியிலயும் எனக்கு வலப்பக்கமே படுத்துக்க.”