சூடு ஆறுவதற்குள்

காருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. உள்ளே உப்புப் படியும், துருப்பிடிக்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரில், எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட்டைக் கலந்து ரேடியேட்டரில் ஊற்ற வேண்டும். எங்கள் காருக்கு அதை நான்தான் செய்து வந்தேன். வாடகைக் கார் ஓட்டிய அப்பா சொல்லிக் கொடுத்தது. தம்பிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க மட்டும்தான் தெரியும். பானெட்டைத் திறந்துவிட்டால் திருதிருவென்று விழிப்பான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அக்கா விவரம் தெரியாமல் ஏதோ சொல்லிவிட்டாள் என்று அவன் ஸ்டேஷனில் உங்களிடம் சொல்லியிருக்கிறான். பாசத்தில் சொல்கிறான். ஆனால் அது உண்மை இல்லை, சார்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். கல்யாணம் செய்து வைத்தது நான். குட்டி பிறந்ததும் அவளையும் என் கையில்தான் கொடுத்தார்கள். அவள் அம்மா வேலைக்குப் போகிறவள். குளிக்க, சாப்பிட, தூங்க, எல்லாவற்றுக்கும் அவளுக்கு அத்தைதான். அப்புறம் தம்பிக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் வேலை கிடைத்தது.

"என்னையும் கூட்டிட்டுப் போடா," என்றேன்.

"அங்க வீடு ரொம்பச் சின்னதுக்கா," என்று மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"அடிக்கடி வருவோம் அண்ணி," என்றாள் அவள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். அவளைக் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன்.

குட்டியின் துணிகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன். பெட்டியை மூடினேன். வாசலுக்குப் போய், ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவ்வளவுதான்.

மலை அடிவாரத்திலேயே ஆவி கிளம்பிவிட்டது. தம்பி போன் செய்தான். "ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. எஞ்சினை அணைச்சுட்டு ஆற விடு," என்று சரியாகத்தான் சொன்னேன். சாயங்காலம் திரும்பி வந்தார்கள். குட்டி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கார் பட்டறையில் கிடந்த நாளெல்லாம் என் பக்கத்தில்தான் படுத்தாள். எனக்கு அது போதும் சார். வேறு எதுவும் நான் கேட்டதில்லை.

காரைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக், யாரோ கிளாம்ப்பில் கை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். தம்பி சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து குட்டியைத் தன் அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். "அத்தைகிட்டப் போறேன்" என்று உள்ளே குட்டி அழுவாள். நான் வெளியே தரையில் உட்கார்ந்து கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

மறுபடி அவர்கள் கிளம்பிய காலையில் கிளாம்ப்பைத் தொடவில்லை. கூலன்ட்டைப் பாதிக்கு மேல் வடித்துவிட்டேன். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பி வருவார்கள், கார் சரியாகும், மறுபடி போவார்கள். எத்தனை தடவை நிறுத்த முடியும்? அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. ஆவியா வருது. அணைக்கட்டுமா?"

"அணைக்காதே. நீ உள்ளயே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே இரு. குட்டியைப் பின்சீட்ல உட்கார வச்சுக் கண்ணாடியை ஏத்திடு. மூடியை உன் பெண்டாட்டி திறக்கட்டும்."

போனை அவளிடம் கொடுத்தான்.

"போன தடவை தொட வேண்டாம்னீங்களே அண்ணி?"

"அது வேற கோளாறும்மா. இதை இப்படியே விட்டா எஞ்சின் வெடிச்சுடும். குழந்தை உள்ள இருக்கா. துணியைப் போட்டுப் பிடி, குனிஞ்சு நல்லா அழுத்தித் திருப்பு."

குழந்தை என்றதும் அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பெற்றவள் அல்லவா.

மூடிக்குள் அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானாலும் அடங்கித்தான் இருக்கும். மூடியை எடுத்தால் ஒரே வீச்சாக மேலே வரும். குனிந்து திறக்கிறவருக்கு எங்கே படும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் தெரியாதவள் புது ஊரில் பிள்ளையை எப்படி வளர்ப்பாள்? தம்பி அந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளையும் நான்தான் பார்த்துக்கொள்ளப் போகிறேன். என் கையால் ஊட்டிவிடுவேன். எந்தக் குறையும் வைக்க மாட்டேன்.

குட்டிதான் கொஞ்சம் மாறிவிட்டாள். பேச்சு நின்றுவிட்டது. நான் குளிக்க வெந்நீர் எடுத்து வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். சின்னப் பிள்ளை, மறந்துவிடுவாள். பழைய பள்ளியிலேயே மறுபடி சேர்த்துவிட்டேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள் சார். பள்ளி விடுகிற நேரமாகிவிட்டது. வாசலில் என்னைக் காணாவிட்டால் குட்டி பயந்துபோவாள்.